பழைய பொதுக் கட்டடங்களை இடிப்பதா, செப்பனிடுவதா: எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி: நலச் சங்கச் செயலாளர்

வணக்கம். சென்னையின் வடபகுதியில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் மூன்று பொதுக் கட்டடங்கள் தளர்ந்துபோய் நிற்கின்றன. முதலாவது, 1930களில் கட்டப்பட்ட மருந்தகம். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரையும் ஒன்றரை அடிச் சுவர்களும் கொண்டது. இரண்டாவது, 1970களில் எழுந்த கான்கிரீட் சமுதாயக் கூடம். மூன்றாவது, அதே காலத்தில் கட்டிய ஈரடுக்குப் பள்ளிக் கட்டடம்.

சென்ற ஐப்பசி மழையின்போது சமுதாயக் கூடத்தில் ஒரு வளைகாப்பு நடந்தது. பந்தி முடிந்து பெண்கள் எழுந்து சென்ற கால் மணி நேரத்தில், அவர்கள் அமர்ந்திருந்த இடத்துக்கு மேலிருந்து ஒரு முறம் அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து இலைகளின் மேல் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை என்றாலும், அன்றிலிருந்து தெருவில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. மூன்றையும் இடித்துவிட்டு ஒரே இடத்தில் ஐந்து மாடிக் கட்டடமாகக் கட்டித் தாருங்கள் என்று ஒரு சாரார் மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். மருந்தகத்தை மட்டுமாவது விட்டுவைக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். காரணம் கேட்டால், 'அந்தக் காலத்துக் கட்டடம்' என்பதற்கு மேல் அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் எழுத்து வடிவில் கருத்துக் கொடுக்க வேண்டும். ஒரு பொதுக் கட்டடத்தின் எதிர்காலத்தை எந்த வரிசையில் யோசித்து முடிவு செய்வது? வயதா, செலவா, ஆபத்தா, பழமையின் மதிப்பா, எதற்கு முதலிடம்? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற பொறியாளர்

ஐயா, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசுக் கட்டடங்களைக் கட்டியும் பராமரித்தும் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கேட்ட நான்கில் எதற்கும் நான் முதலிடம் கொடுக்க மாட்டேன். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தக் கட்டடத்தில் யார், என்ன வேலை செய்யப்போகிறார்கள், அதன் கூரையை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளும் செலவு யாருடைய கணக்கில் வரும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே இடிப்பது பற்றியும் செப்பனிடுவது பற்றியும் பேச வேண்டும். விடை இல்லாமல் புதிதாகக் கட்டினாலும் உங்கள் பிள்ளைகள் இதே கேள்வியோடு இன்னொருவரிடம் போய் நிற்பார்கள்.

புதுக் கட்டடம் என்பதாலேயே பயன்பாடு உறுதியாகிவிடாது என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் என்று கட்டிய மாளிகை 2010இல் திறக்கப்பட்டது. 2014இல் அதே கட்டடம் பன்னோக்கு மருத்துவமனை ஆகிவிட்டது. நான் அதன் அரசியலுக்குள் போகவில்லை. அதற்கு மாறாக, 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகை இன்றும் மாநகராட்சியின் தலைமையிடமாகவே இருக்கிறது. நூறு ஆண்டுகளில் பெருகிய அலுவலகங்களை எல்லாம் அதன் தலையில் ஏற்றாமல், பின்புறம் தனிக் கட்டடம் கட்டி இடமாற்றியதும் அது தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம்.

இனி உங்கள் மூன்று கட்டடங்கள். இவற்றை ஒரே மனுவில் அடக்குவதுதான் முதல் பிழை. மருந்தகமும் சமுதாயக் கூடமும் வெவ்வேறு நோய்களால் அவதிப்படுகின்றன; ஒரே மருந்து எழுத முடியாது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மைதான். காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தன்மையைக் குறைத்துவிடும். வடசென்னை போன்ற கடலோரப் பகுதியில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த நெருக்கத்தில்தான் அடிப்பகுதி பிளந்து, உங்கள் பந்தியின் மேல் விழுந்ததைப்போல விழுகிறது. அந்தக் காலத்தில் கம்பிக்கு வெளியே விட வேண்டிய கான்கிரீட் கனத்தை, நாங்கள் 'கவர்' என்போம், முக்கால் அங்குலம்கூட விடாத வேலைகள் ஏராளம். நானே பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உளியால் கொத்தி எடுத்த புதிய முகத்தில் பினாப்தலின் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை உள்ள இடம் ரோஜா நிறமாக மாறும். அதை இழந்த இடம் நிறம் மாறாமல் கிடக்கும். கம்பி இருக்கும் ஆழம் வரை நிறம் வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டும். இதோடு மீயொலிச் சோதனை, ஓரிரு இடங்களில் உருளை வடிவில் துளைத்தெடுத்து அழுத்திப் பார்க்கும் சோதனை, கம்பியின் மின்னழுத்த அளவீடு ஆகியவற்றையும் செய்த பிறகு வரும் அறிக்கையை வைத்துத்தான் சமுதாயக் கூடத்துக்குத் தீர்ப்பு எழுத வேண்டும். கூரை மட்டும் கெட்டுத் தூண்கள் நன்றாக இருந்தால் கூரையை மாற்றலாம். தூண்களிலும் கம்பி மெலிந்திருந்தால், அந்தக் கட்டடத்துக்காக நான் வாதாட மாட்டேன். அறிக்கை வரும் வரை கூடத்தைப் பூட்டச் சொல்லுங்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

மறுமொழி 2: சுண்ணாம்புக் காரை

மரபுக் கட்டடச் சீரமைப்பில் வேலை செய்கிறேன். பொறியாளர் ஐயா கான்கிரீட் பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மருந்தகத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'தொண்ணூறு வயதுக் கட்டடம், இனி தாங்காது' என்ற வாதத்தை நம்பாதீர்கள். மெட்ராஸ் டெரஸில் துருப்பிடிக்கப் பெரும்பாலும் கம்பியே கிடையாது. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். இந்தக் கூரைக்கு எமன் இரண்டே இடங்களில் வருகிறான். ஒன்று, உத்தரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடம். அங்கே ஈரம் தங்கினால் மரம் இற்றுப்போகும், கறையானும் ஏறும். மற்றது, இலை அடைத்துக்கொண்ட வடிகுழாய் வாய். சிறு சுத்தியலால் உத்தரத்தின் நுனியைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் மரம் பிழைத்திருக்கிறது. பொத்தென்று கேட்டால் அந்த ஒரு சட்டத்தை மட்டும் மாற்ற வேண்டியிருக்கும்.

உண்மையில் இத்தகைய கட்டடங்களைப் பெரும்பாலும் கெடுப்பது 'ரிப்பேர்' என்ற பெயரில் நடக்கும் வேலைதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, போதாக்குறைக்கு எமல்ஷன் பெயின்டும் அடித்துவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லைப் பொடியாக்கும். ஐந்தாறு ஆண்டுகளில் பூச்சு செங்கல்லின் தோலோடு சேர்ந்து உரிந்து விழும். அதைப் பார்த்து, சுவர் கெட்டுவிட்டது, இடிக்கலாம் என்று அறிக்கை எழுதுவார்கள்.

சேப்பாக்கத்துக் கலச மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்காடு நவாப்புக்காக 1768இல் எழுந்த அரண்மனையின் ஒரு பகுதி அது. பல்லாண்டுகளாக அரசு அலுவலகங்கள் இயங்கிய அந்த மாளிகையில் 2012 ஜனவரியில் தீப்பிடித்து, மீட்புப் பணியில் தீயணைப்பு அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். அப்போது அதைப் பார்த்தவர்கள் யாரும் அது மீளும் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பொதுப்பணித் துறை சுண்ணாம்பையும் தேக்கையும் கொண்டே அதை மீட்டது; இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. எழும்பூரில் பழைய காவல் ஆணையர் அலுவலகம் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்த பின், காலியான கட்டடம் சீரமைக்கப்பட்டு 2021இல் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அந்த அளவில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய கட்டடம் என்றதும் அருங்காட்சியகம் என்று எழுதிவிடுவது நம் சோம்பல். எல்லாக் கட்டடத்தையும் கண்ணாடிப் பெட்டியாக்க முடியாது. மருந்தகம் மருந்தகமாகவே இருப்பதுதான் மேல்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டிச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது. நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 கட்டடங்களின் பட்டியலில் உங்கள் மருந்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலின்றிக் கை வைக்க முடியாது. இல்லாவிட்டால் சட்டத்தின் துணை குறைவு. ஊர்க்காரர்களின் மனு ஒன்றே துணை.

மறுமொழி 3: அரசுப் பள்ளி ஆசிரியை

மருந்தகத்தைப் பற்றியும் சமுதாயக் கூடத்தைப் பற்றியும் இவ்வளவு எழுதிய நீங்கள் இருவரும் பள்ளிக் கட்டடத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறையின் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கத் தொடங்கினார்கள். வகுப்பறையில் எந்த விசிறிக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பாடம் நடத்தியவள் நான். சோதனை, அறிக்கை, குழு, ஒப்புதல் என்று நீங்கள் அடுக்கும்போது, அந்த இடைப்பட்ட மாதங்களில் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பதையும் சொல்லுங்கள். இடித்த பிறகு புதுக் கட்டடம் வரும் வரை மரத்தடியிலும் வாடகைக் கட்டடத்திலும் வகுப்பு நடத்துவது என்னவென்று எங்களைக் கேட்டால் தெரியும். இடிக்கும் ஆணையில் மாற்றிடம் எது, எத்தனை மாதத்துக்கு என்பதும் இருந்தாக வேண்டும்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற பொறியாளர்

அம்மா சொல்வது நியாயம்; நான் விட்டது தவறுதான். சோதனைக் குழு முதலில் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அறிக்கை வரும் வரை மேல்மாடியை மூடிவிட்டுக் கீழ்த்தளத்திலும் அருகிலுள்ள பள்ளியிலும் இரண்டு நேர முறையில் வகுப்பை நடத்தலாம். கீழ்த்தளத்தின் கூரையிலும் கம்பி வெளியே தெரிந்தால் அதையும் அன்றே மூடிவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒன்று. புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. ஒழுகும் கூரைக்குத் தட்டோடு மாற்றியவர் பெயரை யாரும் கல்லில் பொறிப்பதில்லை. அதனால்தான் கட்டுவதற்கு வரும் பணம் பராமரிக்க வருவதில்லை. செப்பனிடும் மதிப்பீட்டையும் புதிதாகக் கட்டும் மதிப்பீட்டையும் ஒப்பிடும்போது, இடிபாட்டை அள்ளும் செலவு, மாற்றிடத்தின் வாடகை, அடுத்த இருபது ஆண்டுப் பராமரிப்பு ஆகிய மூன்றையும் இரண்டு பக்கத்திலும் சேர்த்துக் கேளுங்கள். சதுர அடிக்கு இவ்வளவு என்ற ஒற்றைக் கணக்கைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

நலச் சங்கச் செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மூத்தவர் ஒருவரோடு மருந்தகத்துக்குப் போய்ச் சுத்தியலால் உத்தரங்களைத் தட்டிப் பார்த்தோம். பதினான்கில் பதினொன்று கணீரென்றன. பொத்தென்ற மூன்றும் ஒரே மூலையில், மொட்டை மாடி வடிகுழாய்க்கு நேர் கீழே இருக்கின்றன. மேலே ஏறிப் பார்த்தால் குழாயின் வாயில் முழங்கை உயரத்துக்கு ஓர் அரசங்கன்று வளர்ந்திருக்கிறது. கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்த தம்பிமார்களில் இருவரையும் கூடவே அழைத்துப் போயிருந்தேன்; மருந்தகத்தை மனுவிலிருந்து எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள். சமுதாயக் கூடத்தைப் பூட்டவும், பள்ளியை முதலில் சோதிக்கவும், மாற்றிடத்தைக் குறிப்பிடவும் தனித்தனியாக மூன்று மனுக்கள் எழுதுகிறேன். அந்தக் கன்றைப் பிடுங்கிவிடலாமா?

சுண்ணாம்புக் காரை

இழுத்துப் பிடுங்காதீர்கள். வேர் காரையைக் கிளப்பிக்கொண்டு வரும். அடியோடு வெட்டி, வேர் காய்வதற்கான மருந்தை வெட்டுவாயில் தடவிவிட்டு, வேர் இற்றபின் சுண்ணாம்புச் சாந்தால் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள், சிமென்ட் வேண்டாம். சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே விரல் அகலத்துக்குப் பாரிஸ் சாந்தை (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பூசி, அன்றைய தேதியை எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதத்துக்குள் அந்தப் பூச்சு பிளந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது படங்களை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.