பாறைச் சந்தில் கூட வந்தவர் மாட்டிக்கொண்டால்?

டென்வர்_குமரன்:
மே மாதம் அமெரிக்காவின் யூட்டாவில் எஸ்கலாண்டே ஊர்ப் பக்கம் பீக்-எ-பூ, ஸ்பூக்கி என்ற இரண்டு ஒடுங்கிய பாறைச் சந்துகளுக்கும் போகிறோம். ஸ்பூக்கியில் சில இடம் 25 செ.மீ. அகலம்தானாம். மச்சானுக்குத் தொப்பை கொஞ்சம் தாராளம். மாட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்கலாமா?

கல்லிடுக்கு:
இழுக்காதீங்க தம்பி. ஸ்பூக்கியில் காலடியில் மணல் தரை இருக்கிறது. இறுகினால் வந்த வழியே பக்கவாட்டில் இரண்டு எட்டு பின்னால் வைத்தால் போதும். முன்னால் இழுத்தால் இன்னும் ஒடுக்கத்துக்குள் போய்விடுவார்.

அதே யூட்டாவில் நார்த் வாஷ் பக்கம் உள்ள லெப்ரகான் போன்ற சந்துகள்தான் வில்லங்கம். கீழே போகப் போகக் குறுகும், அதனால் அகலம் உள்ள உயரத்திலேயே இரண்டு சுவரையும் உந்திக்கொண்டு நகர வேண்டும். கால் வழுக்கினால் ஆப்பு மாதிரி இறங்கிவிடுவார். மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கி இன்னும் கொஞ்சம் இறங்கும், அடுத்த மூச்சை இழுக்க இடம் இருக்காது. அதில் பதறித் திமிறினால் இன்னும் கீழே போவார்.

முதலில் அவர் காலுக்கு ஒரு ஊன்றல் கொடுங்கள். கீழே ஆள் போக முடிந்தால் தோளையோ தொடையையோ பாதத்துக்கு அடியில் கொடுக்கலாம். முடியாவிட்டால் மேலிருந்து கயிற்றில் வளையம் போட்டு இறக்குங்கள், அதில் மிதித்து அவரே எழும்பட்டும். கையால் தூக்குவதைவிடக் காலுக்கு வலு அதிகம். கொஞ்சம் ஏறியதும் கயிற்றின் தொய்வை எடுத்து இறுக்குங்கள், இல்லாவிட்டால் பழைய இடத்துக்கே சறுக்குவார். ஒரு கை தலைக்கு மேலே, மறு கை கீழே இருந்தால் தோள் அகலம் குறையும். பை, பெல்ட், பாக்கெட்டில் உள்ள போன் எல்லாம் உள்ளே நுழையும் முன்பே கழற்றிவிடுங்கள்.

சித்திரைவெயில்:
சோப்புத் தண்ணீர் ஊற்றினால் வழுக்கி வராதா?

கல்லிடுக்கு:
வழுக்கும், கீழ்நோக்கி! கால் ஊன்றிய பிறகு வேண்டுமானால் பாருங்கள். நிழலில் கிடக்கும் பாறை உடம்புச் சூட்டை உறிஞ்சும், நனைந்த ஆள் சீக்கிரம் விறைத்துப்போவார். நேரம் ஆகும் என்று தெரிந்தால் சட்டை, ஜாக்கெட் எதையாவது முதுகுக்கும் பாறைக்கும் நடுவே திணியுங்கள்.

டென்வர்_குமரன்:
நன்றி அண்ணா. அங்கே போன் எடுக்குமா?

கல்லிடுக்கு:
அதை நம்பாதீங்க. ஹைவே 12-லிருந்து 26 மைல் மண் ரோடு. சாட்டிலைட் மெசஞ்சர் (சிக்னல் இல்லாத இடத்திலும் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி) எடுத்துப் போங்க. சந்துக்குள் வானம் சரியாகத் தெரியாது, ஒருவர் வெளியே வந்துதான் அனுப்ப வேண்டும். அதனால் மூன்று பேராவது போங்க, மச்சானை நடுவில் விடுங்க. மழை எச்சரிக்கை இருந்தால் உள்ளே இறங்கவே வேண்டாம். மாட்டியவரை எடுக்க மணிக்கணக்கு ஆகலாம், வெள்ளம் அவ்வளவு நேரம் தராது.