மறு: சைட்டுக்குத் தமிழ் – குறியா, நோக்கியா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

அலாஸ்காவில் கரடிப் பயத்துக்குக் கைத்துப்பாக்கி கொண்டு திரிபவர்களைப் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கும் தம்பி, துப்பாக்கியில் குறி பார்க்க வைத்திருக்கும் உறுப்பான 'சைட்' வரும் இடமெல்லாம் 'காட்சி' என்று போட்டிருக்கிறார். 'பின்காட்சி தளர்ந்துவிட்டது' என்று வாசித்தால் எங்கட ஆட்களுக்கு நாடக மேடைதான் ஞாபகம் வரும். சென்னை ஐயா தந்த 'இலக்குநோக்கி' பரவாயில்லை, ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும்.

பழைய இரும்புச் சைட்டில் ஊடாக நோக்க ஒன்றுமில்லை. பின்னால் ஒரு வெட்டு, முன்னால் ஒரு முனை. முனையை வெட்டின் நடுவில், தலைமட்டம் சரியாக, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரியப் பிடிக்க வேண்டும். வெட்டு, முனை, மிருகம் மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காணும். தெளிய வேண்டியது முனை. இவற்றுக்கு முன்குறி, பின்குறி போதும். மட்டக்களப்புப் படுவான்கரையில் லைசன்ஸ் துவக்கோடு வட்டைக் (வயல்) காவலுக்குப் போகிறவரும் குறி பார்க்கிறது என்றுதானே சொல்வார். சொட்கன் குழல் நுனியில் இருக்கிற சின்ன உருண்டையைக் குறிமணி என்றே வைத்துவிடலாம். (மிருகத்துக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்குக்கு இந்தக் கவலை இல்லை. கயிறு இடறினால் வெடிக்கும். பன்றியா, மாடு தேடிப் போனவனா என்று பார்க்காது.)

சிவப்புப் புள்ளி காட்டும் 'ரெட் டொட்' வேறு சாதி. சின்ன எல்.ஈ.டி. ஒன்றின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிறது. புள்ளி மிருகத்தின் மேலேயே ஒட்டியிருப்பதுபோல் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு ஊடாக நோக்குவதால் புள்ளிநோக்கி என்கிறேன். கிழக்கிலங்கையில் குமணக் காட்டுப் பக்கம் பற்றைக்குள்ளிருந்து கரடி எழும்பிப் பாய்ந்தால், எவருடைய கண்ணும் கரடியை விட்டு முனைக்குத் திரும்பாது. புள்ளிநோக்கிக்காரர் சொல்கிற முதல் நியாயம் இதுதான். மறுபக்கமும் உண்டு: கண்ணாடியில் மழைத்துளி விழுந்தால் புள்ளி சிதறும், பற்றரி செத்தால் அதுவும் இல்லை, பழக்கமில்லாதவர் அந்த நேரத்தில் கண்ணாடிக்குள் புள்ளியைத் தேடிக்கொண்டு நிற்பார். அதனால் பலர் இரும்புக் குறியைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள். அதைத் துணைக்குறி எனலாம்.

முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலுள்ள தூரத்துக்குக் குறியிடை. கைத்துப்பாக்கியின் சிக்கலே இதில்தான் கிடக்கிறது. குறியிடை 15 செ.மீ. என்றால், முனை 1 மி.மீ. விலகினாலும் 15 மீற்றரில் சூடு 10 செ.மீ. தள்ளிப்போகும். 60 செ.மீ. குறியிடையுள்ள றைபிளில் அதே பிசகு இரண்டரை செ.மீ.தான்.

இனி ஒளிரும் குறிகள். திரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்தது பற்றரி இல்லாமல் இருட்டிலும் தானே ஒளிரும். ஏறத்தாழ 12 வருடத்தில் ஒளி பாதியாகும். அது தன்னொளிக்குறி. பைபர் ஒப்டிக் என்ற ஒளியிழை வெளிவெளிச்சத்தை வாங்கித்தான் மினுங்கும், ஆகவே இரவலொளிக்குறி. பட்டப்பகலில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் யானையும் பன்றியும் வயலுக்குள் இறங்குவது எந்த நேரம் என்று எங்களுக்குத் தெரியுமே. யானைக்குக் கைத்துப்பாக்கி என்ற பேச்சே எடுக்க வேண்டாம், அதற்கு யானைவெடியும் டோர்ச்சும் நாலு பேர் கூச்சலும்தான்.

பின்குறியாக வரும் 'கோஸ்ட் றிங்'கைப் 'பேய்வளையம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். சிரித்தேன், ஆனால் ஏற்கவில்லை. பெரிய வளையத்தினூடாக முனையைப் பார்க்கும்போது வளையம் மங்கிப்போகும், கண் தானாகவே நடுவுக்கு வரும். மங்குவளையம் என்றால் அது வேலை செய்கிற விதமும் விளங்கும்.

கடைசியாகப் புள்ளியின் அளவு. அதை அளக்கும் 'எம்.ஓ.ஏ.' (மினிட் ஒப் அங்கிள்) என்பது கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒன்று. அதற்குப் பஞ்சாங்கத்தில் 'கலை' என்ற சொல் எப்போதிருந்தோ இருக்கிறது. புதிதாக ஏன் தேட வேண்டும்? 6 கலைப் புள்ளி 25 மீற்றரில் ஏறத்தாழ 4.4 செ.மீ. இடத்தை மறைக்கும். பாயும் கரடிக்கு அது தாராளம், சிறு இலக்குக்குச் சற்றுப் பெரிது.

தம்பி, 'காட்சி'யை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கோ. 'இரவலொளி' நீளம் என்று படுகிறவர்கள் சின்னச் சொல்லோடு வாருங்கள். 'கலை'யை நான் விடப்போவதில்லை.