ஃப்ராங்ஃபர்ட் இரட்டைக் கோபுரம் பக்கம் வேலையா? வீட்டுக்கு முதலில் ரயில் தடத்தைப் பாருங்கள்

தம்பி, டாய்ச்ச பேங்க் இரட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் அலுவலகம், நடந்து போகிற தூரத்தில் வீடு கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்கும், ஆனால் வேண்டாம். ஒரு பக்கம் வெஸ்ட்எண்ட். அங்கே வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். இன்னொரு பக்கம் ரயில் நிலையப் பேட்டையான பான்ஹோஃப்ஸ்ஃபியர்ட்டல். அங்கே டவுனுஸ்ஷ்ட்ராஸ என்ற தெருவில் பட்டப்பகலிலேயே போதை ஊசியோடு உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் யார் வம்புக்கும் வர மாட்டார்கள், ஆனாலும் குழந்தையோடு தினமும் போய்வருகிற வழி அல்ல அது. அதே பேட்டையில் ம்யூன்ஷனர் ஷ்ட்ராஸ என்ற தெருவில் வெளிநாட்டு மளிகைக் கடைகள் வரிசையாக உண்டு. சனிக்கிழமை பகலில் போய் வாங்கி வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே கடையடைப்புதான்.

கோபுரத்தின் காலடியிலேயே டவுனுஸ்அன்லாக என்ற எஸ்-பான் (புறநகர் ரயில்) நிலையம் இருக்கிறது. எஸ்1 முதல் எஸ்6 வரை, எஸ்8, எஸ்9 தட ரயில்கள் எல்லாம் அங்கே நிற்கும். எஸ்7 மட்டும் வராது. அது ஹவுப்ட்பான்ஹோஃப் என்கிற மத்திய ரயில் நிலையத்தோடு முடிந்துவிடும். வீட்டு விளம்பரத்தில் 'எஸ்-பான் அருகில்' என்று இருந்தால் எந்த எண் என்று கேளுங்கள். என் சிபாரிசு பக்கத்து ஊரான ஆஃபன்பாக். ஃப்ராங்ஃபர்ட்காரர்கள் அந்த ஊரைக் கிண்டல் செய்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எஸ்1, எஸ்2, எஸ்8, எஸ்9 நான்கும் அங்கிருந்து நேராக உங்கள் அலுவலக வாசலுக்கு வரும். எஸ்8, எஸ்9 விமான நிலையத்துக்கும் போகும். கொஞ்சம் அமைதியான ஊர் வேண்டுமென்றால் எஸ்5 தடத்தில் ஓபரூர்சல், பாட் ஹோம்பூர்க் பாருங்கள், வாடகை கூடுதல்தான்.

நிலையத்தில் தடுப்புக் கதவு கிடையாது. அதை நம்பி டிக்கெட் இல்லாமல் ஏறினால் 60 யூரோ அபராதம். வேலையில் சேர்ந்ததும் ஜாப்டிக்கெட் (நிறுவனம் வழியாகக் கிடைக்கும் பயணச் சீட்டு) உண்டா என்று எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

முதல் நாள் வழி தவறுமோ என்று பயம் வேண்டாம். மேலே ஏறி வந்தால் கண்ணாடி போர்த்திய 155 மீட்டர் கோபுரங்கள் இரண்டும், முன்னால் மாக்ஸ் பில் என்ற சிற்பி செதுக்கிய பெரிய கருங்கல் சிற்பமும் தெரியும். உள்ளூர்க்காரர்கள் கோபுரங்களைப் 'பற்றும் வரவும்' என்பார்கள். 1984இல் கட்டி முடித்தது. முதலில் ஹோட்டலுக்காகப் போட்ட திட்டமாம். இவற்றில் ஏறிப் பார்க்க முடியாது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் பக்கத்திலுள்ள மைன் டவருக்கு அழைத்துப் போங்கள். 200 மீட்டர் உயரம், மேலே பார்வை மாடம் உண்டு.

வீட்டுக்காரரிடம் பேசும்போது மூன்று விஷயம். முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு, நீங்கள் குடிவந்ததை உறுதிசெய்து அவர் கையெழுத்திட்ட தாள் வேண்டும், சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள். அப்புறம், சமையலறை இருக்கிறதா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். இங்கே பல வீடுகளில் அந்த அறையில் தண்ணீர்க் குழாய் முனை மட்டும்தான் இருக்கும். அடுப்பு, அலமாரி, தொட்டி எல்லாம் நாம்தான் வாங்கிப் போட வேண்டும்.