திருப்புநிலை: ‘ரெஸ்டோர் பாயிண்ட்’டுக்கு ஒரு சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். விண்டோஸில் வரும் ‘ரெஸ்டோர் பாயிண்ட்’டுக்குத் தமிழ் கேட்டுப் போன மாதம் இங்கே ஒரு கேள்வி வந்தது. கணினியின் அமைப்பு ஒரு நாளில் எப்படி இருந்தது என்று குறித்துவைத்து, பின்னால் கோளாறு வந்தால் அந்த நிலைக்கே கொண்டுபோக உதவுவது அது. ‘மீட்புப் புள்ளி’ என்று இரண்டு பேர் சொன்னார்கள், ‘மீட்டெடுப்புப் புள்ளி’ என்று ஒருவர் சொன்னார், பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன், ஏனென்றால் அந்தச் சொல்லை நம்பி எழுதியதில் இரண்டு பேருக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி பழுதுபார்க்கச் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்காகப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதினேன். கணினியிலேயே இருக்கும் காப்பு வசதிகள் என்னென்ன, அவை வேலை செய்யாவிட்டால் எங்கே பார்க்க வேண்டும் என்பதுதான் பொருள். அதில் ரெஸ்டோருக்கு ‘மீட்டமை’ என்று போட்டேன். விண்டோஸையே புதிதாக நிறுவும் ரீசெட்டுக்கும் ‘மீட்டமை’. ரெகவரிக்கு ‘மீட்பு’. எழுதும்போது எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. ஆங்கிலச் சொல் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்ததால் குழப்பம் எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

முதலில் ஓர் அம்மா. பேத்தியின் பிறந்தநாள் படங்களைத் தவறுதலாக அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டார். கையேட்டில் ‘மீட்புப் புள்ளி’யைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டது. பத்து நாள் முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினார். கணினி அணைந்து எழுந்தது. படங்கள் வரவில்லை. அதற்குப் பதிலாக, போன வாரம் மகன் போட்டுக் கொடுத்த பஞ்சாங்க மென்பொருள் காணாமல் போயிருந்தது. “மீட்புன்னு எழுதியிருக்கீங்களே தம்பி, எதை மீட்டுச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அடுத்தவர் ஒரு பெரியவர். புது டிரைவர் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) போட்டதிலிருந்து அச்சுப்பொறி முரண்டு பிடித்தது. நான்காம் பக்கத்து ‘மீட்டமை’தான் அவருக்குத் தேவை. அவர் படித்ததோ ஒன்பதாம் பக்கத்து ‘மீட்டமை’, அதாவது ரீசெட். நல்லவேளை, கோப்புகளை வைத்துக்கொள் என்ற தெரிவைச் சொடுக்கியிருந்தார், அதனால் ஆவணங்கள் பிழைத்தன. ஆனால் அவர் நிறுவியிருந்த மென்பொருள்கள் எல்லாம் போய்விட்டன. நீக்கியவை இவை என்று ஒரு பட்டியலை மட்டும் முகப்பில் வைத்துவிட்டு விண்டோஸ் ஒதுங்கிக்கொண்டது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே முன்பு வந்த ஒரு கருத்து:

> மீட்புப் புள்ளி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பொருளும் ஏறக்குறைய சரி. எதற்குப் புதுச்சொல்?

‘ஏறக்குறைய’தான் சிக்கல். மீட்பது என்றால் நமக்கு என்ன தோன்றும்? அடகு வைத்த நகையை மீட்கிறோம், ஒத்தி வைத்த நிலத்தை மீட்கிறோம், கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்கிறோம். கையை விட்டுப் போன பொருள் கைக்கு வரும் என்பது அந்தச் சொல் கொடுக்கிற வாக்கு. 2000-இல் விண்டோஸ் மி-யோடு வந்த ‘சிஸ்டம் ரெஸ்டோர்’ அந்த வாக்கை ஒருபோதும் கொடுக்கவில்லை. அது தொடுவது அமைப்புக் கோப்புகள், டிரைவர்கள், விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி, நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றைத்தான். நாம் எழுதிய கடிதத்தையும் எடுத்த படத்தையும் அது தொடாது. கெடுக்காது என்பது நல்ல செய்தி. கொண்டுவரவும் செய்யாது என்பதைத்தான் ‘மீட்பு’ மறைத்துவிடுகிறது.

‘புள்ளி’ பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் புள்ளி என்றால் கோலத்தில் வைப்பது, மெய்யெழுத்தின் தலையில் வைப்பது, பரீட்சைக் கணக்கில் தசமத்துக்கு வைப்பது. ‘பெரும்புள்ளி’ என்று ஆளையும் சொல்வோம். காலத்தில் ஓர் இடத்தைப் புள்ளி என்பது ஆங்கிலத்திலிருந்து நேரே வந்து உட்கார்ந்த வழக்கம். இங்கே குறிக்க வேண்டியது புள்ளியை அல்ல, அன்றைக்குக் கணினி எப்படி இருந்தது என்பதை. அதற்கு ‘நிலை’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: ரெஸ்டோர் பாயிண்ட் ‘திருப்புநிலை’. சிஸ்டம் ரெஸ்டோர் ‘நிலைதிருப்பல்’. பொத்தானில் வருவது ‘இந்த நிலைக்குத் திருப்பு’.

‘மீள்நிலை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அழகாக இருக்கிறது, நானும் இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் மீள் தன்வினை. காய்ச்சலிலிருந்து மீள்கிறோம், கடனிலிருந்து மீள்கிறோம், மீள்பவர் தாமே மீள்கிறார். கணினி தானாக ஒன்றும் மீளாது, ஒருவர் உட்கார்ந்து திருப்ப வேண்டும். திரும்பு, திருப்பு என்ற இணையில் இந்த வேறுபாடு பளிச்சென்று இருக்கிறது. தவிர ‘மீள்’ இப்போதெல்லாம் ஆங்கில ‘ரீ’ முன்னொட்டுக்கு நாம் ஒட்டும் பசையாகிவிட்டது: மீள்பதிவு, மீள்சுழற்சி, மீள்பார்வை. ‘மீள்நிலை’யைப் பார்க்கிறவர் அதையும் அந்த வரிசையில்தான் வைப்பார்.

இன்னொரு மடலில் வந்த கேள்வி இதைவிடக் கனமானது:

> பேக்கப், ரெஸ்டோர் பாயிண்ட் இரண்டுமே பழைய நிலையின் பிரதிதானே? இரண்டையும் ‘காப்பு’ என்று ஒரே குடும்பத்தில் வைத்தால் என்ன?

வைக்கக் கூடாது. இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து திருப்புநிலையை உருவாக்குவது ‘ஷேடோ காப்பி’ என்னும் வசதி. அது வட்டு முழுவதையும் படியெடுத்து எங்கும் கொண்டுபோய் வைப்பதில்லை. குறித்த நேரத்துக்குப் பிறகு வட்டில் ஒரு துண்டின் மேல் புதிதாக எழுத வரும்போது, அழியப்போகிற பழைய துண்டை எடுத்து ஓரமாக வைக்கிறது. பலசரக்குக் கடையில் பலகையில் எழுதிய விலையை அழிக்கும் முன் பழைய விலையை மட்டும் ஒரு சிட்டையில் குறித்துக்கொள்வது போல. பலகையும் சிட்டையும் சேர்ந்தால்தான் நேற்றைய விலைப்பட்டியல். இதில் சிட்டையும் அதே கடைக்குள்தான் இருக்கிறது. கடை எரிந்தால் இரண்டும் போச்சு.

காப்பு என்பது கடைக்கு வெளியே இருக்க வேண்டும். மேக்கில் ‘டைம் மெஷின்’ செய்வது அதுதான். வேறொரு வட்டைக் கொடுக்கிறோம், அதில் கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒன்று, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முன்னே வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே போகிறது. இடம் நிறைந்தால் மிகப் பழையதை எடுத்துவிடுகிறது. லினக்ஸில் ‘டைம்ஷிஃப்ட்’ பயன்படுத்துகிறவர்களுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கும். அது இயல்பாக நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவைத் (ஹோம் ஃபோல்டர்) தொடாது, அமைப்பை மட்டும் எடுக்கும். ஆக அதுவும் நிலைதிருப்பல்தான். ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்தால், ‘காப்பு இருக்கிறது’ என்று நம்பி ஒருவர் தூங்குவார். வட்டு செத்த காலையில் எழுவார்.

பேக்கப்புக்குக் ‘காப்புநகல்’ எனக்குப் போதும். ‘சேமநகல்’ என்றும் யோசித்தேன். போருக்குப் போகும்போது கூடுதலாகக் கொண்டுபோகும் தேரைச் சேமத்தேர் என்பார்கள், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ‘சேமி’ ஏற்கெனவே ‘சேவ்’ பொத்தானில் உட்கார்ந்துவிட்டது. அதனால் விட்டுவிட்டேன்.

கையேட்டில் நான் மாற்றிய மற்ற சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ‘மீட்பு’ என்ற சொல்லைக் கணினி எழவே மறுக்கும்போது வருகிற ரெகவரி திரைக்கும், அழிந்த கோப்பைத் தேடி எடுப்பதற்கும் ஒதுக்கிவிட்டேன். அங்கே நிஜமாகவே ஏதோ மீட்கப்படுகிறது. அந்தத் திரைக்கான கோப்புகளுக்கு வட்டில் தனியாக ஒதுக்கிய பகுதியான ரெகவரி பார்ட்டிஷனுக்கு ‘மீட்பறை’. பார்ட்டிஷனைப் ‘பகிர்வு’ என்று எழுதிவந்தோம். இப்போது பகிர்வு என்றால் வாட்ஸப்பில் அனுப்புவது. அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை என்று இருக்கிறதே, வட்டும் அப்படித்தான். அறை போதும்.

இந்தச் சொல் உதவியதா என்று ஒரு சின்னச் சோதனையும் நடந்தது. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு மேம்படுத்தல் பல கணினிகளில் ஏறாமல், 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது நினைவிருக்கும். எண்ணைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. காரணம் எளிது: ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதவில்லை, அதை 250 எம்பி பெரிதாக்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட். ‘மீட்பறையில் இடம் இல்லை’ என்று வகுப்பில் சொன்னதும், “அப்போ பக்கத்து அறையைக் குறுக்கணுமா?” என்று ஒருவர் கேட்டார். அதேதான். சி டிரைவைக் கொஞ்சம் குறுக்கித்தான் அதைச் செய்ய வேண்டும்.

ரீசெட்டுக்கு நான் போட்டிருப்பது ‘துடைத்தமை’. சிரிக்காதீர்கள். பதற்றத்தில் படிக்கிறவருக்குப் பொத்தானில் இருக்கும் வினைச்சொல் மட்டும்தான் கண்ணில் படும். என்ன கிடைக்கும் என்பதைவிட என்ன போகும் என்பதை அந்த வினை சொல்ல வேண்டும். ‘மீட்டமை’ இதமாகக் கூப்பிடுகிறது. ‘துடைத்தமை’யைப் பார்த்தால் கை ஒரு நொடியாவது தயங்கும்.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

—

மறுநாள் எழுதியது:

நேற்றைய மடலுக்கு வந்த மூன்று மறுப்புகளுக்கும் சேர்த்துப் பதில்.

> நகையைத் ‘திருப்புவது’ என்றுதானே எங்கள் பக்கம் சொல்கிறோம்? மீட்புக்குச் சொன்ன குறை திருப்புக்கும் பொருந்துமே.

மாட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் ‘தீபாவளிக்குள்ள சங்கிலியைத் திருப்பணும்’ என்றுதான் பேச்சு. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. ‘இந்த நிலைக்குத் திருப்பு’ என்னும்போது ‘நிலைக்கு’ என்ற நான்காம் வேற்றுமை கூடவே வருகிறது. நகையைத் திருப்புவதில் பொருள் நம்மிடம் வருகிறது, நிலைக்குத் திருப்புவதில் கணினி அங்கே போகிறது. வண்டியை வந்த வழியே திருப்புகிற மாதிரி. பொத்தானில் வெறும் ‘திருப்பு’ என்று மட்டும் போட்டால் உங்கள் மறுப்பு சரி. அதனால் ‘நிலைக்கு’ இல்லாமல் அந்த வினை வரக் கூடாது என்று கையேட்டில் எனக்கு நானே விதி வைத்துக்கொள்கிறேன்.

> திருப்புநிலை, திருப்புமுனை மாதிரி ஒலிக்கிறது.

ஒலிக்கட்டும். அந்த ஒலியால்தான் வகுப்பில் அது சட்டென்று ஒட்டிக்கொண்டது.

> கடவுச்சொல் ரீசெட்டைத் துடைத்தமை என்பீர்களா?

மாட்டேன். கடவுச்சொல்லுக்கு ‘மாற்றியமை’. ஆங்கிலத்தில் ஒரு சொல் பத்து வேலை செய்கிறது என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லைப் பத்து இடத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. மொழிபெயர்ப்புக் கோப்புகளில் ஒரே சொற்சரத்தை எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறார்கள், அது நிரலர்களிடம் போட வேண்டிய சண்டை.

ஒருவர் சொல்லை விட்டுவிட்டு, தன் கணினியில் திருப்புநிலையே இல்லை, ஏன் என்று கேட்டிருக்கிறார். பெரும்பாலும் அந்த வசதி அணைந்திருக்கும். விண்டோஸ் 10-இல் பல கணினிகளில் அது அணைந்த நிலையில்தான் வருகிறது. ‘சிஸ்டம் புரொடெக்ஷன்’ பக்கத்தில் சி டிரைவுக்கு இயக்கிவிட்டு, எத்தனை சதவீத இடம் என்று நகர்த்திவையுங்கள். இடம் குறைவாக இருந்தால் புதியது வரும்போது பழையது தானாகப் போய்விடும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இடம் இருந்தாலும் 60 நாளுக்கு மேல் வைத்திருக்காது. நிலைதிருப்பல் பாதியில் தோற்றால், நச்சுநிரல் தடுப்பான் குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள். அவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் ‘சேஃப் மோடு’க்குப் போயோ மீட்புத் திரையிலிருந்தோ திரும்ப முயன்றால் பெரும்பாலும் நடந்துவிடும். மீட்புத் திரையில் பிட்லாக்கர் (வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம், அதை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஷேடோ காப்பி’க்கு இன்னும் நல்ல சொல் அமையவில்லை. ‘நிழல்நகல்’ என்றால் நகல் என்ற பொய் உள்ளே வந்துவிடுகிறது. ‘சிட்டை’ என்றே வைத்துவிடலாமா என்று பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு கையேடு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது, அதற்குள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.