கொடை கேசட்: பழுது, வேகம், தேதி, பரிமாற்றம் (அனுபவப் பகிர்வு; தனி வரியில் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

குடத்தடி

ஆடி மாசக் கோயில் கொடைத் திருவிழா நெருங்கியாச்சு. ஒலிபெருக்கி வாடகைக்கு விடுத ரேடியோ செட் கடைகள்ல பரணை ஒதுக்குத நேரம். நெல்லைப் பக்கம் அம்பை, சேரன்மாதேவி, நாங்குநேரின்னு எந்தப் பக்கம் கேட்டாலும் கொடையில பதிஞ்ச ஒரு பை பழைய வில்லுப்பாட்டு கேசட் கிடைக்கும். கிடைச்ச உடனே டெக்குல (கேசட் ஓட்டுத மெஷின்) போட்டு ஓட்டிப் பாத்துராதீங்க. பாதிக் கேசட் அந்த முதல் ஓட்டத்துலதான் கெடுது.

முதல்ல வெளிச்சத்துல பிடிச்சு, நடு ஜன்னல் வழியாப் பாருங்க. சுத்தின டேப்போட ஓரத்துல மாவு தூவுனமாதிரி வெள்ளையா இருந்தா பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை அடைமழைய நாலஞ்சு வருசம் பாத்த கேசட்டுல இது சகஜம். அதை நல்ல டெக்குல போட்டா ஹெட்டுலயும் (டேப்பைப் படிக்கிற முனை) ரோலர்லயும் ஒட்டிக்கிட்டு, அடுத்துப் போடுத கேசட்டுக்கும் ஏறிரும். வெயில்ல காய வைக்காதீங்க, கேசட்டோட பிளாஸ்டிக் ஓடு வளைஞ்சிரும். மூடி இறுக்கமா உள்ள டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட ஒரு வாரம் வைங்க. பிறகு மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு, இதுக்குன்னே ஒதுக்கின பழைய டெக்குல முன்னும் பின்னும் ஒருதரம் வேகமாச் சுத்தி விடுங்க. பூஞ்சை இல்லாத கேசட்டுக்கும் இந்தச் சுத்து உண்டு. வருசக்கணக்கா அசையாம இருந்த டேப் ஒண்ணோடொண்ணு ஒட்டிக் கிடக்கும்.

அடுத்தது அந்தக் கம்பளித் துண்டு. கேசட்டோட வாய்க்கு நடுவுல, செப்புத் தகட்டு மேல ஒரு சின்ன மெத்தை இருக்கும். பசை காஞ்சு விழுந்திருக்கும். அது இல்லைன்னா டேப் ஹெட்டுல படியாது. ஜால்ரா காணாமப் போயிரும், அண்ணாவி (வில்லுப்பாட்டுத் தலைமைப் பாடகர்) போர்வைக்குள்ள உக்காந்து பாடுதமாதிரி கேக்கும். டேப்பே செத்துப்போச்சுன்னு நெனச்சு ஆளுக தூரப் போடுததுல பாதி இந்தக் கேசுதான். அஞ்சு திருகாணி போட்ட ஓடுன்னா பிரிச்சு, அதேமாதிரி வேற ஓட்டுக்குள்ள ரெண்டு சக்கரத்தையும் அப்படியே மாத்திருங்க. மேலயும் கீழயும் உள்ள வழுவழுப்புத் தாள் ரெண்டு, மூலை உருளை ரெண்டு, இதுல எது விட்டுப்போனாலும் கிறீச்சுன்னு கத்தும். திருகாணி இல்லாம ஒட்டின ஓட்டுக்கு பிளேடை விளிம்போடயே நடத்தணும். உள்ள இறங்குச்சுன்னா டேப்பை வெட்டிரும்.

இன்னும் ஒண்ணு. தப்பித்தவறி மேல பதிவு ஏறி அழிஞ்சிராம, முதுகுப்பக்கம் ரெண்டு மூலையிலயும் உள்ள பிளாஸ்டிக் பல்லை உடைச்சிட்டுத்தான் டெக்கைத் தொடணும். ஜன்னல் கண்ணுக்கு நேரா, டேப் வாய் கீழ இருக்கிறமாதிரி பிடிச்சா, இடது பல்லு நீங்க பாத்துட்டு இருக்கிற பக்கத்துக்கு உள்ளது.

சி90

மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகும் மொத்தையாகக் கேட்டால் ஹெட் கோணத்தைப் பாருங்கள். பதிவு செய்த மெஷினின் ஹெட் ஒரு கோணத்தில் இருந்திருக்கும், உங்கள் டெக்கின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கும். ஹெட்டை ஒட்டி இரண்டு திருகாணி உண்டு. அதில் ஸ்பிரிங் உள்ளதுதான் இதற்கு. இப்போது இருக்கும் நிலையை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொண்டு, இடமும் வலமும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். பாட்டைக் கேட்காதீர்கள், ஜால்ராவைக் கேளுங்கள். அது எந்த இடத்தில் கூராகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். காந்தம் ஏறாத ஸ்குரூ டிரைவர் நல்லது.

கொடையில் ஓடியவை பெரும்பாலும் மோனோ டேப்ரெக்கார்டர்கள். ஸ்டீரியோ டெக்கில் போட்டால் ஒரே பாட்டு இரண்டு சேனலிலும் வரும். கோணம் சரியாக இருந்தால் இரண்டையும் சேர்க்கும்போது இரைச்சல் 3 டெசிபல் குறையும். கோணம் தப்பாக இருக்கையில் சேர்த்தால் மேல் சுரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். சந்தேகமாக இருந்தால் நல்ல சேனல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) அணைந்தே இருக்கட்டும். அந்த மெஷின்களில் அது கிடையாது.

குடம் அடித்ததும் பாட்டு அமுங்கி, ஒரு நொடி கழித்து மெல்ல மேலே வருவது டேப் கோளாறு இல்லை. ரெக்கார்டரே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை. அதைச் சரிசெய்ய முயன்றவர்கள் எல்லாரும் இன்னும் கெடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

வேகம் பெரிய தலைவலி. கேசட்டின் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். பேட்டரியில் ஓடிய மெஷின் விடியப் பார்க்கும்போது தளர்ந்து மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் பதிந்ததை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு விரையும், குரல் கீச்சிடும். அதுவும் ஒரே அளவாக இருக்காது, பக்கத்தின் தொடக்கத்தைவிட முடிவில் கூடுதலாக இருக்கும். மின்சாரத்தில் ஓடிய பதிவு என்றால் ஆம்பிளிஃபயர் முனகல் அடியில் கேட்கும். அது 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும், 53 காட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறியிருக்கிறது என்று கணக்கு. ஆனால் ஜெனரேட்டர் வைத்த கொடையில் இந்தக் கணக்கை நம்ப முடியாது. இன்ஜின் இழுக்கிற இழுப்புக்கு அந்த முனகலும் ஆடும். அப்போது ஆர்மோனியம்தான் சாட்சி. பத்து நிமிடத்துக்கு ஒரு இடமாக அதன் சுருதியை அளந்து, துண்டு துண்டாகத் திருத்துங்கள். மூலக் கோப்பில் கைவைக்காமல் நகலில் செய்யுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்ற 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். லேப்டாப்பின் மைக் துளையில் சொருகாமல் யுஎஸ்பி இன்டர்ஃபேஸின் லைன் துளையில் கொடுங்கள். முனகல் புதிதாகச் சேர்ந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

வீசுகோல்

எண் போடாத கேசட் ஆறேழு ஒரே ரப்பர் பேண்டுல வரும். எது முதல்ல, எது பிறகுன்னு கண்டுபிடிக்க வில்லுப்பாட்டே வழி சொல்லும். காப்பு (கடவுள் வணக்கம்), வருபொருள் உரைத்தல் (என்ன கதைன்னு சொல்லுதது), குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம், நாட்டுவளம், பிறகு கதை, கடைசியில வாழி. சுடலைமாடன் கதைன்னா கைலாசப் பிறப்பும் மயானமும் முன்னால, மலையாள மந்திரவாதி பின்னால. முத்துப்பட்டன்னா பொம்மக்கா, திம்மக்கா கல்யாணம் முன்னால, மாட்டுக்கள்ளரோட சண்டை பின்னால. குரலும் துப்பு சொல்லும். அண்ணாவியோட தொண்டை நேரம் ஆக ஆகக் கரகரக்கும். குலவை நெருக்கமா வந்து, உடுக்கை வேகம் பிடிச்சா சாமியாட்டம் தொடங்கியாச்சுன்னு அர்த்தம்.

பக்கம் திருப்பும்போது எப்படியும் கால் நிமிசம், அரை நிமிசம் போயிருக்கும். அந்த வெட்டு எங்க விழுதுன்னு கவனிங்க. சி60ல (பக்கத்துக்கு அரை மணி ஓடுத கேசட்) நேராப் பதிஞ்சதுன்னா டேப் முடியுற இடத்துல, அரை மணி தாண்டினதும் வெட்டு வரும். பக்கத்துக்கு முக்கால் மணி ஓடுத சி90 கேசட்டுல, பக்கத்துக்கு நடுவுல, முப்பது நிமிசத்துல பாட்டு அறுந்து தொடருதா? அப்ப அது சி60லேர்ந்து எடுத்த நகல். மேல 'ஒரிஜினல்'னு பச்சை மையில எழுதியிருந்தாலும் நகல்தான்.

நோட்டீஸ் கட்டு

உறைமேல் உள்ள தேதியை உடனே நம்ப வேண்டாம். பல நேரம் அது நகல் எடுத்த தேதி. கொடை நோட்டீஸ் கிடைத்தால் அதை வைத்துப் பாருங்கள். அதில்தான் ஒரு குழி இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய நோட்டீஸ்களில் கொல்லம் ஆண்டு போடுவார்கள். அது ஆவணி 1ல் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. கொல்லம் 1160 ஆடி என்றால் 1985. 824ஐக் கூட்டி 1984 என்று குறித்து, ஒரே கொடையை இரண்டு கொடையாகப் பட்டியலில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

நோட்டீஸ் இல்லாவிட்டால் இடைவேளையில் ரேடியோ செட்காரர் போடும் சினிமாப் பாட்டைக் கேளுங்கள். அந்தப் பாட்டு வெளிவந்த ஆண்டுக்கு முன்னால் அந்தப் பதிவு இருக்க முடியாது. ஆனால் பக்கத்தின் கடைசியில் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். அழிக்காமல் விட்ட பழைய பதிவின் வாலாக இருக்கலாம்.

ஸ்பூல்

தவில், நாகசுரம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம் பெயர் போட்ட கல்யாணக் கச்சேரி கேசட் நிறைய சுற்றுகிறது. அவர் மறைந்தது 1964ல். பிலிப்ஸ் கேசட்டை பெர்லினில் அறிமுகம் செய்தது 1963ல். ஆகவே அவர் வாசித்தது உண்மையாகவே இருந்தாலும், மூலம் ஸ்பூலாகத்தான் (கேசட்டுக்கு முந்திய, பெரிய சக்கரத்தில் சுற்றிய டேப்) இருக்கும். 'நேராகக் கேசட்டில் எடுத்தது' என்று விலை சொன்னால் நடையைக் கட்டுங்கள்.

பதிவுகளை நமக்குள் மாற்றிக்கொள்ளும் முறையை ராக் இசை ரசிகர்களிடம் கற்கலாம். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1984ல், பதிவு செய்கிற ரசிகர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பது நிபந்தனை. கையில் ஒன்றும் இல்லாத புதியவர் வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் போதும். அந்தக் கூட்டம் ஒவ்வொரு பதிவோடும் வம்சாவளியையும் எழுதி அனுப்பும். நமக்கும் அதுதான் தேவை: ஊர், கோயில், கதை, குழு, மைக்கில் எடுத்ததா ஆம்பிளிஃபயர் லைனிலிருந்து எடுத்ததா, எந்த மெஷின், மூலத்திலிருந்து எத்தனையாவது நகல், ஏற்றிய டெக், செய்த திருத்தம். கேசட் வீட்டை விட்டுப் போகக் கூடாது, கோப்புதான் பயணம் போக வேண்டும்.

கொடுப்பது ஃபிளாக் கோப்பாக (தரம் இழக்காமல் சுருக்கும் வகை) இருக்கட்டும். எம்பி3யை ஃபிளாக்காக மாற்றித் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. பாட்டை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பழைய டேப்ரெக்கார்டரில் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டு ஏதும் பெரிதாக இராது. இரைச்சலைப் பாருங்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படத்தில் டேப் இரைச்சல் மெல்லத் தேய்ந்துகொண்டே மேலே போக வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தி வைத்து அறுத்த மாதிரி நின்றால் எங்கேயோ எம்பி3 ஆகி வந்திருக்கிறது. பென் டிரைவின் ஃபார்மேட் எக்ஸ்ஃபேட்டாக இருக்கட்டும். ஃபேட்32ல் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது.

ரேடியோ செட்

இந்த ஆடிக்குப் பதியப் போறவங்களுக்கு. ஆம்பிளிஃபயர்ல குழாய் ஸ்பீக்கருக்குப் போற முனையில ரெக்கார்டரைத் தொடுத்துராதீங்க. அது 100 வோல்ட் லைனு, ரெக்கார்டர் அன்னைக்கே அவுட். லைன் அவுட்டுன்னு தனியா இருக்கும், அங்க எடுங்க. மிக்சர் இருந்தா இன்னும் சௌகரியம்.

ஆனா லைன் அவுட்டுல மைக்குக்கு முன்னால உள்ளது மட்டும்தான் வரும். குலவை வராது, சாமி வாறது வராது. அதனால இன்னொரு ரெக்கார்டர மேடைக்கு முன்னால மூணு நாலு மீட்டர்ல, குழாய் வாய்க்கு நேரா வராம வைங்க. ஊர்க்கோடி வேப்பமரத்துல கட்டின குழாய் 100 மீட்டர் தூரம்னா, அந்தச் சத்தம் கால் நொடிக்கு மேல பிந்தி வரும். எவ்வளவு தள்ளி இருக்கோ அவ்வளவு எதிரொலி. ரெண்டு பதிவையும் பிறகு சேக்கும்போது ஒரு மணி நேரத்துல கொஞ்சம் விலகும், ரெண்டு கடிகாரமும் ஒண்ணா ஓடாது. தொடக்கத்துல ஒரு குட அடி, முடிவுல ஒரு குட அடி பாத்து இழுத்துப் பொருத்துங்க.

பதிவு அளவு மைனஸ் 20 டெசிபல்ல நிக்கட்டும். வேட்டு எப்பப் போடுவாங்கன்னு யாரும் சொல்லிட்டுப் போடமாட்டாங்க. 24 பிட்டுல பிறகு கூட்டிக்கிடலாம், கிழிஞ்ச சத்தத்த ஒட்ட முடியாது.

குடத்தடி

எல்லாருக்கும் நன்றி. ஸ்பூல் அண்ணாச்சி சொன்ன வம்சாவளியோட இதையும் சேத்துக்கிடுங்க: அண்ணாவியோ அவுக வீட்டாளுகளோ இருந்தா கேட்டுட்டுக் குடுங்க. நம்ம சட்டத்துல கலைஞருக்குத் தன் நிகழ்ச்சி மேல 50 வருசம் உரிமை உண்டு. சொந்த உபயோகத்துக்கும், பாடம் நடத்தவும், ஆராய்ச்சிக்கும் கேக்காமப் பதியலாம். குழு பேரை வெட்டிட்டுச் சொந்தச் சேனல் முத்திரைய ஒட்டி ஏத்துத கூட்டத்துக்குக் கோப்பே குடுக்காதீங்க.

சாமியாடி குறி சொல்லுத இடத்துல ஊராளுக பேரு, வீட்டு வழக்கு, களவு, கல்யாணம் எல்லாம் வரும். மூலக் கோப்புல அதை வெட்டாதீங்க. மாத்திக்கிடுத நகல்ல மட்டும் எடுத்திருங்க, எந்த நிமிசத்துலேர்ந்து எந்த நிமிசம் வரைன்னு குறிப்புல எழுதிருங்க.

சி90

குறி எடுத்த இடத்தில் அதே நீளத்துக்கு மௌனம் வைத்துவிடுங்கள். நேரம் மாறினால் லைன் பதிவோடு பொருந்தாமல் போய்விடும்.