பின்னாலிருந்து படம் காட்ட, கையோடு எடுத்துப்போகும் திரை: எந்தத் துணி வாங்கலாம்?

மாலைவகுப்பு_டீச்சர்:

வணக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மூன்று ஊர்களில் மாலை வகுப்பு நடத்துகிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படம் போடுவது வழக்கம். இதுவரை சுவரில்தான் போட்டோம். புரொஜெக்டர் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார வேண்டியிருப்பதுதான் தொல்லை. ஒருத்தன் தண்ணீர் குடிக்க எழுந்தால் கதாநாயகன் முகத்தில் அவன் தலை. கையை நீட்டி நாய், முயல் காட்டுகிற கூட்டம் தனி. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், யாராவது வயர் தடுக்கி புரொஜெக்டரோடு விழுவார்களோ என்பதுதான் பயம். அதனால் புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால் கொண்டுபோய்விடலாம் என்று நினைக்கிறோம்.

கையில் இருப்பது எப்சன் புரொஜெக்டர், வெளிச்ச அளவு 3,300 லூமன். ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. திரை மூலைக்கு மூலை 100 அங்குலம் போதும். பிரித்து, கட்டி, ஸ்கூட்டியிலோ டவுன் பஸ்ஸிலோ கொண்டுபோகிற மாதிரி இருக்க வேண்டும். ஃபிரேம் வேலையை ஊர் பிளம்பர் அண்ணன் ஏற்றுக்கொண்டார். துணிதான் குழப்பம்.

வீட்டுக்காரரின் புது எட்டு முழ வேட்டியை வாசலில் கட்டிப் பார்த்தேன். அகலம் அளவாகப் பொருந்துகிறது, படமும் தெரிகிறது, ஆனால் நடுவில் ஒரு சூரியன் உதித்த மாதிரி லென்ஸ் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. வேட்டியை இரண்டாக மடித்தால் சூரியன் மங்குகிறது, படமும் சேர்ந்து கலங்குகிறது. கனமான பெட்ஷீட்டில் சூரியன் இல்லை, படமும் பாதி இல்லை. இதற்கென்று ஏதாவது துணி இருக்கிறதா? பெரிய கம்பெனித் திரை வாங்குகிற வசதி இல்லை.

ஊர்சுற்றி_77:

டீச்சர், தோல்பாவைக் கூத்துக்காரர்கள் காலங்காலமாக வெள்ளை வேட்டியைத்தானே கட்டுகிறார்கள்? பின்னால் விளக்கு, முன்னால் ஜனங்கள். அவர்களுக்கு இந்தச் சூரியன் பிரச்சினை ஏன் இல்லை?

மேடைவெளிச்சம்:

ஊர்சுற்றி கேட்டதிலேயே டீச்சருக்கான பதில் பாதி இருக்கிறது. கூத்தில் பாவையைத் துணியோடு ஒட்டி வைத்து ஆட்டுகிறார்கள். பாவையின் ஓட்டையும் சாயமும் துணியின் முதுகிலேயே இருக்கின்றன. வெளிச்சம் அதன் வழியாக வந்தால் போதும், துணி பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். விளக்கு இருக்கிற இடம் கொஞ்சம் பளிச்சென்று தெரியத்தான் செய்யும், அது கூத்தின் அழகில் சேர்ந்துவிடும். புரொஜெக்டர் விஷயம் வேறு. படமே துணியில்தான் உருவாகிறது. லென்ஸிலிருந்து வரும் ஒவ்வொரு கதிரையும் துணி பிடித்து, நாலா பக்கமும் சிதறவிட வேண்டும். வேட்டியில் நூலுக்கும் நூலுக்கும் நடுவே சந்து இருக்கிறது. அந்தச் சந்து வழியாகக் கதிர் சிதறாமல் நேராகக் கண்ணுக்கு வருகிறது. நீங்கள் பார்த்த சூரியன் அதுதான்.

இரண்டாக மடித்தால் கலங்குவதற்கும் காரணம் உண்டு. இரண்டு மடிப்புக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்தாலும் படம் இரண்டு தளத்தில் விழுகிறது. ஒட்டிக் கிடந்தால் பரவாயில்லை, ஆனால் காற்றடிக்கிற வாசலில் ஒட்டிக் கிடக்காது.

நான் மதுரையில் பந்தல், மேடை, லைட் வேலை செய்கிறவன். கல்யாண மண்டபங்களில் பின்னாலிருந்து அடிக்கிற திரை நிறையக் கட்டியிருக்கிறேன். என் கணக்கில் உங்களுக்குச் சரியானது வெள்ளை லைக்ரா, நாலு பக்கமும் இழுபடுகிற வகை. கடையில் ‘ஃபோர் வே லைக்ரா’ என்று கேளுங்கள். நடன உடுப்பு, நீச்சல் உடுப்பு தைப்பது. அது நெய்த துணி இல்லை, பின்னிய துணி. வளையம் வளையமாக நெருங்கிக் கிடப்பதால் நேராக ஊடுருவுகிற சந்து குறைவு. இன்னொரு லாபம், இழுத்துக் கட்டினால் சுருக்கம் தானாகப் போய்விடும். பையில் திணித்துக்கொண்டு போகலாம், இஸ்திரி வேண்டாம். பஸ்ஸில் போகிற திரைக்கு இதைவிட என்ன வேண்டும்?

அளவும் ஒத்துவருகிறது. 100 அங்குலத் திரை, நீள உயர விகிதம் 16:9 என்றால் 87 அங்குல நீளம், 49 அங்குல உயரம். லைக்ரா 58, 60 அங்குல அகலத்தில் வரும். நடுவே தையலே இல்லாமல் ஒரே துண்டில் முடிந்துவிடும். பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது நடுத்தையல் ஒரு கறுப்புக் கோடாக நிற்கும், அதை எந்தத் தையல்காரராலும் மறைக்க முடியாது.

கடையில் சோதிக்க வழி சொல்கிறேன். துணியை ஒரு கைநீட்டத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் இரண்டு மூன்று அடி தள்ளி வேறு யாராவது போன் டார்ச்சை அடிக்கட்டும். டார்ச் பொட்டாகத் தெரிந்தால் அந்தத் துணியை வைத்துவிடுங்கள். பொட்டு தெரியாமல் ஒரு தட்டு அகலத்துக்கு வெளிச்சம் பரவினால் எடுங்கள். இந்தச் சோதனையைத் துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடியே செய்யுங்கள். தளர்வாக இருக்கும்போது தேறுகிற லைக்ரா, இழுத்தால் கண் திறந்துகொள்ளும். மல் துணி, ரூபியா, மெல்லிய பாப்ளின் எதுவும் இந்தச் சோதனையில் தேறாது. பாராசூட் துணி என்று விற்கிற நைலானில் சில தேறும், ஆனால் அது காற்றில் சரசரக்கிறது, படத்தில் வசனம் கேட்காது.

அடுத்தது, துணியைவிட முக்கியமானது: லென்ஸை எங்கே வைக்கிறீர்கள் என்பது. எவ்வளவு நல்ல துணி போட்டாலும், லென்ஸுக்கும் பார்க்கிறவர் கண்ணுக்கும் நடுவே ஒரு நூல் கட்டினால் அந்த நூல் திரையைக் கடக்கிற இடத்தில் பளபளப்பு கூடுதலாகத்தான் இருக்கும். அதனால் அந்த நூல் திரைக்குக் கீழே போகிற மாதிரி பண்ணுங்கள். பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள், கண் உயரம் இரண்டு, இரண்டரை அடி. திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 3 அடியில் இருக்கட்டும். புரொஜெக்டரைச் சின்ன ஸ்டூலில் வைத்து லென்ஸ் இரண்டரை அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூல் எல்லாப் பிள்ளைக்கும் திரைக்கு அடியிலேயே போய்விடும். மேசையில் வைக்கிற புரொஜெக்டர்களில் பெரும்பாலானவை எப்படியும் படத்தைச் சற்று மேல்நோக்கித்தான் தள்ளும், அதனால் பெரிதாகச் சாய்க்கவும் வேண்டியிராது. மேலே உத்திரத்தில் தொங்கவிட்டால் நன்றாக இருக்குமே என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். மேலிருந்து கீழே இறங்குகிற கதிர் நேராகத் தரையில் இருக்கிற பிள்ளைகள் கண்ணுக்குத்தான் வரும்.

திரைக்கு அடியில் இருக்கிற அந்த 3 அடிக்குக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். இல்லாவிட்டால் சூரியனைத் திரையிலிருந்து இறக்கி ஸ்டூலுக்குக் கொண்டுவந்த கதைதான்.

கொங்கு_பனியன்:

மேடைவெளிச்சம் அண்ணன் சொன்ன லைக்ரா சரிதான். திருப்பூர்க்காரன் என்ற முறையில் நான் நாலு விஷயம் சேர்க்கிறேன்.

காட்டன் லைக்ரா எடுக்காதீர்கள். லெக்கிங்ஸ் துணி அது, ஈரப்பதம் ஏறினால் தொய்யும், துவைத்தால் சுருங்கும். பாலியஸ்டர் லைக்ரா அல்லது நைலான் லைக்ரா வாங்குங்கள். ஹாஃப் ஒயிட் வேண்டாம், முகமெல்லாம் மஞ்சள் பூசினது போல் தெரியும். முழு வெள்ளை கேளுங்கள்.

இங்கே எடை போட்டுக் கொடுப்பார்கள். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் துணி, ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டரை மீட்டர் நீளம் என்றால் 675 கிராம். கிலோவுக்குள் முடிந்துவிடும் சமாச்சாரம். மீட்டர் கணக்கில் விற்கிற கடையில் வாங்கினால் விலை கூடத்தான் இருக்கும், ஆனால் அங்கே பிரித்துப் பார்த்து வாங்கலாம்.

பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், பின்னல் துணியில் ஊசிக் கோடு என்று ஒன்று உண்டு. மெஷினில் ஒரு ஊசி தேய்ந்திருந்தால் துணி நீளத்துக்கும் மெல்லிய கோடு ஓடும். டிரெஸ் தைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி நிற்கும். எண்ணெய்க் கறையும் அப்படித்தான். மிச்சத் துணியில் இந்த இரண்டும் சகஜம், அதனால்தான் அது மிச்சத்துக்கு வந்திருக்கிறது. டியூப் லைட்டுக்கு முன்னால் பிடித்து, முழு நீளத்தையும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத் துட்டைக் கொடுங்கள்.

தையலுக்கு ஓவர்லாக் மெஷின் (ஓரத்தைச் சுற்றி, இழுபடுகிற தையல் போடுவது) உள்ள கடைக்குப் போங்கள். வீட்டு மெஷினில் நேர்த்தையல் போட்டால், இழுத்துக் கட்டின அன்றைக்கே படபடவென்று தெறித்துவிடும். ஊசியும் பின்னல் துணிக்கான பால் பாயிண்ட் ஊசியாக இருக்க வேண்டும். கூர் ஊசி நூலை அறுத்து ஓட்டை போடும், அந்த ஓட்டையும் திரையில் நட்சத்திரமாக மின்னும்.

பிளக்ஸ்_பாலு:

எல்லாரும் லைக்ரா லைக்ரா என்கிறீர்கள். எங்கள் தொழிலில் பேக்லிட் ஃபிளெக்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, உள்ளே விளக்கு போடுகிற கடைப் பலகைக்குப் போடுவது. வெளிச்சத்தைச் சமமாகப் பரப்பத்தான் அதைச் செய்கிறார்கள். அச்சடிக்காத வெள்ளையாக வாங்கினால் லைக்ராவைவிடச் சமமாக விளங்கும், நடுப்பளபளப்பு ரொம்பக் குறைவு. 10 அடி அகலம் வரை ரோல் வரும், தையலே கிடையாது. சுற்றி ஓரத்தை மடித்து ஒட்டி, அடிக்கு ஒரு ஐலெட் (கயிறு கோக்கிற வளையம்) அடித்துத் தருகிற வேலை ஃபிளெக்ஸ் கடையிலேயே முடியும். சாதாரண பேனர் ஃபிளெக்ஸை மட்டும் வாங்கிவிடாதீர்கள், அதில் பின்பக்கம் சாம்பல் அல்லது கறுப்பு பூசினது வரும், வெளிச்சத்தைத் தடுத்துவிடும்.

மேடைவெளிச்சம்:

பாலு சொல்வது உண்மை. மண்டபத்தில் நிரந்தரமாகக் கட்டுவதானால் நானும் பேக்லிட்தான் போடுவேன். ஆனால் அதை மடிக்க முடியாது, மடித்த கோடு சாகும்வரை போகாது. குழாயில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 4 அடிக்கு மேல் நீளமான உருளையோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று டீச்சருக்குத் தெரியும். எடையும் கூட.

ஃபிரேம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் ஒரு வார்த்தை. லைக்ரா நாலு பக்கமும் உள்ளே இழுக்கும். முக்கால் அங்குல பிவிசி குழாயில் கட்டினால் மேல்குழாய் நடுவில் வளைந்து, திரை இடுப்பு ஒடுங்கி நிற்கும். ஒன்றேகால் அங்குலக் குழாய் வாங்கச் சொல்லுங்கள். 4 அடிக்கு மேல் துண்டு வேண்டாம், இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். ஃபிரேம் அளவைவிடத் துணியைப் பத்தில் ஒரு பங்கு சிறிதாக வெட்டினால் இழுவை சரியாக இருக்கும். ஓரத்தில் நேராக ஐலெட் அடித்தால் லைக்ரா கிழியும். பட்டை நாடா வைத்துத் தைத்து, அதில் ஐலெட் அடித்து, எலாஸ்டிக் கயிற்றால் குழாயோடு கட்டுங்கள். வெளியில் போடுகிற நாளில் கால்களில் 5 லிட்டர் தண்ணீர் கேன் கட்டுங்கள், காற்று சும்மா விடாது.

மாலைவகுப்பு_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மதுரை விளக்குத்தூண் பக்கம் போய் நைலான் லைக்ரா எடுத்தேன். டார்ச் சோதனையைக் கடைப் பையனே உற்சாகமாகச் செய்து காட்டினான், “எதுக்கு மேடம் இது, டான்ஸ் டிரெஸ்ஸா?” என்றான், படம் என்றதும் அவனே நான்கு ரகம் எடுத்துப்போட்டான். வேட்டியில் தெரிந்த பொட்டு இதில் இல்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பின்னாலிருந்து அடித்தால் எழுத்து தலைகீழாகத் தெரியாதா, அதாவது இடவலம் மாறி? அப்புறம், ஒரு ஊரில் திரைக்குப் பின்னால் 8 அடிதான் இடம். கண்ணாடி வைத்துத் திருப்பி அடிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

மேடைவெளிச்சம்:

எழுத்துக்கு மெனுவில் ‘ரியர்’ என்று இருக்கும், அதை வையுங்கள், சரியாகிவிடும். திரும்பச் சுவரில் போடும் நாளில் ‘ஃபிரண்ட்’டுக்கு மாற்ற வேண்டும்.

8 அடி விஷயம்: மேசை புரொஜெக்டர்களில் பொதுவாக, ஜூமை முழுக்க விரித்து வைத்தால், படத்தின் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் வேண்டும். 87 அங்குலத்துக்கு 11 அடி. 8 அடியில் வைத்தால் 64 அங்குல அகலம்தான் கிடைக்கும், உயரம் 36. அந்த ஊரில் அது போதும் என்று விட்டுவிடுங்கள், மீதி ஓரத்தைக் கறுப்புத் துணியால் மூடினால் சின்னப் படம் என்று தோன்றாது. வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருப்பதால் இரட்டைப் படம் விழும்; ரசம் முன்பக்கம் பூசின கண்ணாடி விலையும் அதிகம், விரல் பட்டாலே கெடும். பிள்ளைகள் ஓடுகிற இடத்துக்கு அது வேண்டாம். பின்சுவர் வெள்ளையாக இருந்தால் அதிலும் ஒரு பழைய கறுப்புப் போர்வையை மாட்டுங்கள். துணியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் அந்தச் சுவரில் அடித்து மறுபடி திரைக்கு வந்து கறுப்பையெல்லாம் சாம்பலாக்கிவிடும்.

கொங்கு_பனியன்:

துவைக்கும்போது பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள் டீச்சர். நீலமும் கஞ்சியும் வேண்டாம்.