மஸ்டாங் ஜி.டி.க்குக் காற்றுத்துளை உள்ள பானெட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: ஆஸ்டின்வாசி

என்னிடம் 2016ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. உள்ளது, 5.0 லிட்டர் வி8 எஞ்சின், மேனுவல் கியர். ஆஸ்டினில் உள்ள சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் பந்தயத் தளத்தில் ஆண்டுக்கு நான்கைந்து முறை ஓட்டுகிறேன். கோடையில் நான்காவது சுற்றிலேயே கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், சூடு ஏறத் தொடங்கி, 11ஆம் வளைவுக்கும் 12ஆம் வளைவுக்கும் இடையிலான நீண்ட நேர்பாதையில் முழு வேகத்தில் போகும்போதுகூட இறங்குவதில்லை. அதனால் எஞ்சின் அறையின் சூடான காற்றை வெளியேற்றும் துளைகள் கொண்ட பானெட் ஒன்றை, அதாவது இங்குள்ளவர்கள் ஹூட் என்பதை, வாங்க எண்ணியுள்ளேன். மஸ்டாங்கின் பந்தய வகையான ஷெல்பி ஜி.டி.350 போல நடுவில் ஒரே பெரிய துளை உள்ளது, இரு பக்கமும் லூவர் (சாய்வான பட்டைகள் கொண்ட திறப்பு) உள்ளது, முன்கண்ணாடியை ஒட்டிய பின்விளிம்பு உயர்ந்து திறந்திருப்பது என மூன்று வகைகள் கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது? கார்பன் ஃபைபருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணா? அலுவலகத்துக்கும் மழையிலும் இதே வண்டியில்தான் போகிறேன்.

பதில்: காற்றுவழி

மூன்றாவது வகையை இப்போதே ஒதுக்கிவிடுங்கள். வண்டி ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று முட்டித் தேங்குவதால் அங்கே அழுத்தம் அதிகமாக இருக்கும். பயணிகள் அறைக்கான காற்றை அந்த இடத்திலிருந்து எடுப்பதற்கும், 1969ஆம் ஆண்டு கமாரோ காரில் செவ்ரலே நிறுவனம் பானெட்டின் பின்பக்கத்தைத் திறந்து எஞ்சினுக்குக் காற்றை உள்ளே இழுத்ததற்கும் காரணம் அதுவே. உள்ளே இழுக்கும் இடத்தில் வெளியேற்றும் துளையை வைத்தால், சிக்னலில் நிற்கும்போது சூடு வெளியேறலாம். வேகமெடுத்ததும் காற்று எதிர்த்திசையில் எஞ்சின் அறைக்குள் புகும். கீலுக்கு அடியில் வாஷர் வைத்துப் பானெட்டின் பின்பக்கத்தை உயர்த்துபவர்களுக்கும் இதே நிலைதான்.

ரேடியேட்டர் வழியே எவ்வளவு காற்று பாயும் என்பதை, அதன் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே தீர்மானிக்கிறது. முன்பக்கம் கிரில் உள்ளது. பின்பக்கம் காற்று போக வழியின்றி எஞ்சின் அறையிலேயே அடைபட்டால், எவ்வளவு பெரிய ரேடியேட்டரைப் பொருத்தினாலும் அது தன் வேலையைச் செய்யாது. பானெட்டின் முன்விளிம்பைக் கடந்து காற்று மேலே வளையும் பகுதியில், ஏறக்குறைய முன் மூன்றிலொரு பாகத்தில், அழுத்தம் குறைவாக இருக்கும். துளை அங்கே, ரேடியேட்டருக்குச் சற்றே பின்னால் அமைய வேண்டும். ஜி.டி.350இன் துளை வெப்பத்தை வெளியேற்றுவதோடு முன்பக்கம் மேலெழும் விசையையும் குறைப்பதற்காகவே அமைக்கப்பட்டது. மற்றொரு ஷெல்பி மஸ்டாங்கான 2020ஆம் ஆண்டு ஜி.டி.500இல் ஃபோர்டு இதே துளையை 31 அங்குலத்துக்கு 28 அங்குலம் என்ற அளவுக்குப் பெரிதாக்கியது.

'சூடான காற்று தானே மேலே போகும்' என்பார்கள். நிற்கும் வண்டிக்கு அது சரி. ஓடும் வண்டியில் வேகத்தால் வரும் அழுத்தமே பெரிது. மணிக்கு 160 கிலோமீட்டரில் அந்த அழுத்தம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் நீர்மட்டத்துக்குச் சமம். வேகம் பாதியானால் அது நான்கில் ஒன்றாகி, 3 சென்டிமீட்டராகிவிடும்.

ஆனால் பானெட் வாங்குவதற்கு முன் ரேடியேட்டரின் ஓரங்களைப் பாருங்கள். ரேடியேட்டருக்கும் முன்பம்பருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளிகள் இருந்தால், காற்று ரேடியேட்டரைத் தவிர்த்து அவற்றின் வழியே நழுவிவிடும். மெல்லிய அலுமினியத் தகடும் ஃபோமும் கொண்டு அவற்றை அடைப்பது மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை. இதைச் செய்த பிறகு பானெட் வாங்கும் எண்ணத்தையே கைவிட்டவர்களும் உண்டு.

பதில்: மழைக்கால ஓட்டுநர்

அலுவலகத்துக்குப் போகும் வண்டி என்பதால் ஒன்று சொல்கிறேன். துளைக்கு அடியில் கழற்றி மாட்டக்கூடிய மழைத்தட்டு உள்ள பானெட்டாகப் பாருங்கள், ஜி.டி.500இல் தொழிற்சாலையே அலுமினியத்தில் அப்படியொன்றைக் கொடுத்தது. தட்டு இல்லாவிட்டால், நிறுத்தி வைத்த வண்டியில் விழும் மழைநீர் ஸ்பார்க் ப்ளக் குழிகளில் தேங்கி, மறுநாள் காலையில் எஞ்சின் தடுமாறும். ஓடும்போது அவ்வளவு கவலை வேண்டியதில்லை, ஏனெனில் வெளியேறும் காற்றே பெரும்பாலான நீரைத் தள்ளிவிடும். பந்தயத் தளத்துக்குப் போகும்போது தட்டைக் கழற்ற மறந்துவிட்டு, துளையால் பயனில்லை என்று ஒரு பருவம் முழுவதும் குறைபட்டுக்கொண்டவன் நான்.

பதில்: பழைய மெக்கானிக்

பொருளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உங்கள் மஸ்டாங்கின் பானெட் தொழிற்சாலையிலிருந்தே அலுமினியத்தில் வருகிறது. ஆகவே இரும்பு பானெட் உள்ள வண்டியில் கார்பனுக்கு மாறுபவர் பெறும் எடைக் குறைவை நீங்கள் எதிர்பார்க்க முடியாது. ஃபைபர்கிளாஸ் மலிவு என்றாலும், விளிம்புகள் சரியாக உட்காரத் தேய்த்துத் தேய்த்து நாட்கள் போகும். கார்பன் என்று விற்கப்படுபவற்றில் பல, மேலே ஒரே ஒரு கார்பன் அடுக்கும் அடியில் முழுக்க ஃபைபர்கிளாஸும் கொண்டவை. மேலே பூசும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் தரமாக இல்லாவிட்டால் டெக்சாஸ் வெயிலில் மஞ்சளித்துவிடும்.

பூட்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய ஃபைபர்கிளாஸ் பானெட்டில், பூட்டின் கொக்கி வெறும் பசையால் ஒட்டப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. நேர்பாதையில் கொக்கி பிய்ந்து, பானெட் முழுவதும் எழுந்து முன்கண்ணாடியில் மோதியது. பக்கக் கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடிதான் வண்டியை ஓரம் கட்டினேன். அதற்குப் பிறகு முன்பக்கம் இரண்டு ஹூட் பின் (பானெட்டை வெளியிலிருந்து பூட்டும் ஊசிகள்) இல்லாமல் வண்டி நிறுவனம் அல்லாத பிறர் செய்து விற்கும் எந்த பானெட்டையும் நான் பொருத்துவதில்லை.

என்னைக் கேட்டால், ஜங்க்யார்டில் உங்கள் வண்டிக்குரிய பழைய அலுமினிய பானெட் ஒன்றை வாங்கி, அதில் லூவர் தகடுகளை வெட்டிப் பதித்து ரிவெட் அடிப்பதே மேல். பூட்டும் கீலும் தொழிற்சாலை வலுவோடு இருக்கும். மனம் மாறினால் பழைய பானெட்டை மாட்டிக்கொள்ளலாம். உள்சட்டத்தை மட்டும் வெட்டாதீர்கள், ஏனெனில் மோதும்போது பானெட் முன்கண்ணாடிக்குள் பாயாமல் நடுவில் மடிய வேண்டிய இடங்கள் அதில்தான் உள்ளன. 2015 முதல் 2017 வரையிலான பானெட்டையே தேடுங்கள். 2018இல் முன்பக்கம் மாறிவிட்டது. அசல் ஜி.டி.350 பானெட்டும் உங்களுக்குப் பொருந்தாது. அந்த வண்டிக்கு முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள உடற்பகுதி முழுவதும் வேறு.

ஆஸ்டின்வாசி

அனைவருக்கும் நன்றி. ஓரங்களை அடைக்கும் வேலையை இந்த வாரமே தொடங்குகிறேன். லூவரை வெட்டுவதானால், என் பானெட்டில் அழுத்தம் குறைந்த இடம் எதுவென்று வெட்டுவதற்கு முன்பே அறிய வழி உண்டா? கம்பளி நூல் ஒட்டிப் பார்த்தால் போதுமா?

பதில்: காற்றுவழி

நூல் திசையைக் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்தைப் போல ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, பாதியளவு வண்ண நீரை ஊற்றிக்கொள்ளுங்கள். ஒரு முனை எஞ்சின் அறையில், ரேடியேட்டருக்குப் பின்னால், விசிறியின் காற்று நேராகப் படாத இடத்தில் இருக்கட்டும். மறுமுனையை, நடுவில் சிறு துளையிட்ட தட்டையான தகட்டில் இணைத்து, துளை வானத்தைப் பார்க்கும்படி பானெட்டில் ஒட்டுங்கள். நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போகும்போது, பக்கத்தில் அமர்ந்திருப்பவர் நீர்மட்ட வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பானெட் பக்கத்து நீர் எந்த இடத்தில் மிக உயரமாக ஏறுகிறதோ, அங்கே வெட்டுங்கள்; அது இறங்கும் இடத்தில் வெட்டினால் காற்று உள்ளேதான் வரும். ஒவ்வோர் இடத்தையும் இரு திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் எதிர்க்காற்று கணக்கைக் கெடுத்துவிடும்.